பூட்டிய விடுதிக்குள் முழு சிக்னல்

“கண்ணுக்குத் தெரியாத ஒண்ணைச் சரி பண்றேன்னு சம்பளம் வாங்கப் போறியாம். நாளைக்கு ஒருத்தன் வந்து, அது அங்க இல்லவே இல்லைன்னு சொன்னா என்னத்தைக் காட்டுவ?”

எனக்கு முதல் வேலை கிடைத்த வாரம், அப்பா வேலை பார்த்த வாழைத் தோட்டத்தின் உரிமையாளர் கேட்டது இது. ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரையை ஒட்டி அவருடைய தோட்டம். அப்பா இலை அறுப்பார். அம்மா அடுக்கிக் கட்டுவார். இருவருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டி உள்ளே போன முதல் ஆள் நான். அங்கிருந்து பொறியியல் கல்லூரி வரைக்கும் போனேன். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது.

“காட்ட முடியாதுங்க. பேசிக் கேக்க வைக்கலாம்” என்றேன். அவர் சிரித்துவிட்டு வாய்க்காலைப் பார்க்கப் போய்விட்டார்.

கட்டடங்களுக்குள் கைப்பேசி சிக்னலைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் என் வேலையாக இருந்தது. இப்போது அந்தக் கம்பெனியில் நான் இல்லை. திருச்சி அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிற பிள்ளைகள் மட்டும் அவ்வப்போது செய்தி அனுப்புகிறார்கள். “அக்கா, அந்த லேடீஸ் ஹாஸ்டல் கேஸ் நிஜமா? ரியாஸ் சார்கிட்ட கேட்டா டீ குடிக்கக் கிளம்பிடறாரு.” அந்த வளாகத்தில் இப்போது வைஃபை வழியாகவே பேசும் வசதி வருகிறதாம். நாங்கள் மாட்டிய பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கழற்றப் போகிறார்கள். கழற்றுகிறவர்களுக்கு அங்கே என்ன நடந்தது என்று தெரிந்திருக்கட்டும்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஏணி ஏறினேன், கேபிள் இழுத்தேன், கூரைப் பலகைகளுக்கு மேலே எலிப் புழுக்கையைப் பார்த்தேன். அப்புறம் ரியாஸ் சாரின் குழுவில் போட்டார்கள்.

ரியாஸ் சார் பாலக்கரைக்காரர். சட்டைப் பையில் எப்போதும் மூன்று போன் இருக்கும். குனிந்தால் மூன்றும் விழும் என்பதால் குனியவே மாட்டார்; எதையும் முட்டி போட்டுத்தான் எடுப்பார். எங்கள் வேலையில் சோதனை அழைப்பு என்று ஒன்று உண்டு. ஒருவர் போனைப் பிடித்துக்கொண்டு கட்டடம் முழுக்க நடந்தபடி விடாமல் பேச வேண்டும். இன்னொருவர் மறுமுனையில் இருந்துகொண்டு, குரல் எங்கே உடைகிறது, எங்கே அறுகிறது என்று கவனிப்பார். எவ்வளவு நேரம்தான் ஹலோ ஹலோ என்பது? ஆளுக்கொரு பாடம் வைத்திருந்தோம். ரியாஸ் சாருக்குப் பிரியாணி. “சீரக சம்பா, இஞ்சி அரைச்சது, பூண்டு அரைச்சது, பட்டை, கிராம்பு, ஏலக்கா…” என்று ஆரம்பித்து தம் போடுகிற இடம் வரும்போது கேட்பவருக்கு வயிறு கூப்பிடும். எனக்கு டவுன் பஸ். “சத்திரம், காவிரிப் பாலம், மாம்பழச்சாலை, திருவானைக்கோவில், ஸ்ரீரங்கம்.” முடிந்ததும் அப்படியே திரும்பி வருவேன்.

திரையில் எத்தனை கம்பி இருக்கிறது என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது. “கம்பி, போன் சொல்ற கதைம்மா. நீ பேசுனது போச்சா? அவங்க பேசுனது வந்துச்சா? ரெண்டையும் தனித்தனியா சொல்லு.” போனது, வந்தது. எந்த இடத்தில் நின்றாலும் இந்த இரண்டையும் பிரித்துச் சொன்னால்தான் அடுத்த இடத்துக்கு நகர விடுவார்.

இதன் அர்த்தம் எனக்கு முதலில் புரிந்தது ஒரு வைகுண்ட ஏகாதசி அன்று. கூட்டத்துக்காக ஸ்ரீரங்கத்தில் தற்காலிக டவர் வண்டி ஒன்றை நிறுத்தியிருந்தோம். வீதி முழுக்க ஜனம். வண்டியின் மேலே நின்று பார்த்தேன். எல்லோர் காதிலும் போன். எல்லோருடைய வாயும் அசைகிறது. எல்லோருடைய போனிலும் கம்பி நிறைந்திருக்கிறது. ஒருவர் பேசியதுகூட வெளியே போகவில்லை. நெரிசலில் தொடர்பு மூச்சுத் திணறிக் கிடந்தது. அத்தனை பேரும் யாருமில்லாத ஒன்றிடம் சிரத்தையாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். உள்ளூரிலேயே பிறந்து வளர்ந்தவள் நான். அன்றுதான் அந்த வீதியில் எனக்கு முதுகு சிலிர்த்தது.

இன்னொன்று மலைக்கோட்டைக்குக் கீழே. ஒரு சந்து முழுக்க அழைப்புகள் செத்துக்கொண்டிருந்தன. வாரக்கணக்கில் தேடி, ஒரு துணிக்கடையின் கிடங்கில் பூஸ்டர் ஒன்றைக் கண்டுபிடித்தோம். சின்னப் பெட்டி, பச்சை விளக்கு, மேலே ஒரு கம்பி. தூரத்து டவரின் சிக்னலை இழுத்து அறைக்குள் பெருக்கித் தரும். அனுமதியில்லாமல் வைப்பது குற்றம், ஆனாலும் கேட்டால் கிடைக்கும். வைத்தவருக்கு நன்றாகக் கேட்கும். சுற்றியிருக்கிற எல்லோருடைய தொடர்பையும் அது இரைச்சலால் அடைத்துவிடும். கடைக்காரர் கடைசி வரை நம்பவில்லை. “எனக்கு நல்லாத்தானேம்மா கேக்குது?” என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

பல்கலைக்கழக வேலை அதற்கு அடுத்து வந்தது. பெயர் வேண்டாம். விமானங்கள் இறங்கும் பாதைக்குக் கீழே இருந்த வளாகம் அது. உயரமாக எதையும் கட்டக்கூடாது. மாடிகளில் சின்ன டவர் வைக்கலாம் என்றால் பெற்றோர்கள் கதிர்வீச்சுக்குப் பயந்து ஒத்துக்கொள்ளவில்லை. ஆகவே டவரே இல்லாமல் செய்தோம். வெளியிலிருந்து கண்ணாடியிழைக் கேபிள் ஒரு அறைக்கு வரும். அங்கிருந்து கட்டடம் கட்டடமாகப் பிரிந்து கூரைக்குள் ஓடும். கவிழ்த்த வெள்ளைக் கிண்ணம் போல அங்கங்கே ஆன்டெனா எட்டிப் பார்க்கும். நடைபாதைகளில் விளக்குக் கம்பங்களிலேயே சின்னப் பெட்டிகளை மாட்டினோம். வகுப்பறை, நூலகத்தின் நிலவறை, உணவுக்கூடம் எல்லாம் ஒவ்வொன்றாகத் தேறின. பெண்கள் விடுதியின் மேல்மாடி மட்டும் தேறவில்லை.

துறையூர்ப் பக்கத்திலிருந்து வந்து படிக்கிற நிவேதா என்ற பெண்தான் முதலில் சொன்னாள்.

“அக்கா, அம்மா பேசுறது எனக்குக் கேக்குது. நான் பேசுறது அம்மாவுக்குப் போகலை. மதியத்துல மட்டும்தான் இப்படி.”

“சாயங்காலம்?”

“சாயங்காலம் ஒண்ணும் இல்லை. அது அந்தக் கட்டடத்து வேலைக்கா.” ஜன்னலுக்கு வெளியே கை காட்டினாள்.

அவர்கள் இருந்த புது விடுதிக்குப் பின்னால் பழைய விடுதி நின்றது. சுவரில் விரிசல் விட்டதால் காலி செய்து பூட்டிவிட்டார்கள். ஜன்னல்களுக்குப் பலகை அடித்திருந்தார்கள்.

“எப்பவாவது உள்ளேருந்து ஒரு பொம்பளைக் குரல் வரும். ‘கேக்குதா, கேக்குதா’ன்னு கேக்கும். தொண்டை கிழிஞ்ச குரல். எங்க பேச்சை எல்லாம் அதுதான் வாங்கிக்குதுன்னு சீனியர்ஸ் சொல்றாங்க.”

“வாங்கி என்ன பண்ணுமாம்?”

“அது தெரியலைக்கா” என்றாள் நிவேதா. அவள் சிரிக்கவில்லை.

எங்கள் வரைபடத்தில் பழைய விடுதி வெள்ளையாகக் கிடந்தது. திட்டம் போடும்போதே வார்டன் சொல்லியிருந்தார்: “ஆளில்லாத கட்டடத்துக்கு எதுக்கும்மா சிக்னல்?” நியாயம் என்று நாங்களும் விட்டுவிட்டோம். அங்கே எந்த ஆன்டெனாவும் கிடையாது. சுவரும் கனம். பக்கத்தில் போகப் போக சிக்னல் குறைய வேண்டும்.

மறுநாள் மதியம், இரண்டு கம்பெனி போன்களை ஒரு குச்சியில் கட்டிக்கொண்டு, இரண்டு காதிலும் இயர்போனை அடைத்துக்கொண்டு பழைய விடுதியைச் சுற்றி நடந்தேன். சித்திரை வெயில். ஒரு காக்கையைக்கூடக் காணோம். முதல் போனில் கம்பி ஒவ்வொன்றாக ஏறியது. வேப்ப மரத்தடியில் பாதி. படிக்கட்டுக்கு அருகே முக்கால். பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றபோது முழுசாக நிறைந்தது. எந்த டவரிலிருந்து வருகிறது என்று பார்த்தேன். கொள்ளிடக் கரையில், எங்கள் வீட்டுக்கு அருகே நிற்கிற டவரின் எண்ணைக் காட்டியது. அவ்வளவு தூரத்திலிருந்து அது இங்கே வரவே முடியாது. வந்தாலும் பூட்டிய கதவுக்குப் பின்னாலிருந்து வராது.

புது விடுதியின் வாசலில் உட்கார்ந்திருந்த ரியாஸ் சாரை அந்தப் போனில் கூப்பிட்டேன். எடுத்தார். “சத்திரம், காவிரிப் பாலம்” என்று ஆரம்பித்தேன்.

“ஹலோ? கோமதி? பேசும்மா. கோமதி?” என்றார். அவர் பேசியது தெளிவாக வந்தது. நான் பேசியது போகவில்லை.

இரண்டாவது போனில் வேறு கம்பெனியின் சிம். அதில் கம்பி ஒன்றுதான். அதிலிருந்து கூப்பிட்டுக் குச்சியை ஜன்னல் பலகைக்கு அருகே நீட்டிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தேன். மாம்பழச்சாலை வரும்போது அவர் குறுக்கிட்டார்.

“உன் பக்கத்துல யாரும்மா?”

“யாரும் இல்லை சார்.”

“விளையாடாத. யாரோ பேசுறாங்க.”

நான் திரும்பிப் பார்த்தேன். வெயிலும் வேப்ப மரமும்தான். “என்ன பேசுறாங்க சார்?”

அவர் மிகவும் தாழ்ந்த குரலில் சொன்னார்: “கேக்குதான்னு கேக்குறாங்க.”

இயர்போனைப் பிடுங்கினேன். அப்போதுதான் எனக்கும் கேட்டது. பலகைக்குப் பின்னால், உள்ளே தூரத்தில், சொரசொரப்பான ஒரு பெண் குரல். கேக்குதா. கேக்குதா. நான் காதை அடைத்துக்கொண்டு நின்ற அவ்வளவு நேரமும் அது அந்தச் சுவருக்குள்ளிருந்து பேசிக்கொண்டிருந்திருக்கிறது.

“அங்கேருந்து வந்துடும்மா” என்றார் ரியாஸ் சார்.

“சாவி யார்கிட்ட சார்?”

“யா அல்லாஹ். நான் என்ன சொல்றேன், நீ என்ன கேக்குற?”

வார்டனைக் கேட்டேன். துப்புரவுப் பொறுப்பாளர் லூர்து அக்காவிடம் சாவி இருப்பதாகவும், பினாயிலும் துடைப்பமும் அந்தக் கட்டடத்தில்தான் வைப்பதாகவும் சொன்னார். லூர்து அக்காவைத் தேடினால் ஆளைக் காணோம். அந்த நேரத்தில் அவரை யாரும் பார்த்ததே இல்லை என்று தோட்டவேலைப் பெண்கள் சொன்னார்கள். கட்டடத்தின் பின்பக்கம் போனேன். கதவு சாத்தியிருந்தது, பூட்டு இல்லை.

உள்ளே கட்டில்களைச் செங்குத்தாக நிறுத்திப் பிளாஸ்டிக் சுற்றி வைத்திருந்தார்கள். நடைவழி நெடுக இரண்டு பக்கமும் உயரமான ஆட்கள் போர்த்திக்கொண்டு நிற்பது போல இருந்தது. கையிலிருந்த போன் மட்டும் உற்சாகமாக இருந்தது. நான் வைத்த ஒவ்வொரு அடிக்கும் அதன் அளவு ஏறியது. என் தைரியம் எதிர்ப்பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தது.

கடைசி அறையில், சுவரைப் பார்த்து உட்கார்ந்தபடி ஒரு அம்மா கத்திக்கொண்டிருந்தார். “கேக்குதா ஜெனி? வந்துடுடி! வந்துடுன்னு சொல்றேன்டி, கேக்குதா?”

மடியில் ஒலிபெருக்கி போட்ட போன். அதிலிருந்து ஒரு இளம்பெண்ணின் குரல் பக்கத்தில் நின்று பேசுவது போல வந்தது.

“அம்மா, வெச்சு வெச்சு மூணாவது தடவையாக் கூப்பிடறேன். நீ லைன்ல இருக்கேன்னு தெரியுதும்மா. நொடி ஓடிக்கிட்டிருக்கு. ஏன் பேச மாட்டேங்குற? இந்த மாசக் கடைசியில காண்ட்ராக்ட் முடியுது. மறுபடி ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடுறியா, ஊருக்குப் போறியான்னு மேடம் கேக்குறாங்க. நான் வரட்டுமா, வேணாமா? திட்டுறதுன்னாலும் திட்டிடும்மா. ஒரு வார்த்தை.”

“வாடி! வாடின்னுதானே சொல்றேன்!”

“சரிம்மா. வெச்சுடறேன்.”

ஜன்னல் மேடையில் பச்சை விளக்கு எரிந்தது. மலைக்கோட்டைச் சந்தில் பார்த்த அதே மாதிரிப் பெட்டி.

லூர்து அக்கா திரும்பி என்னைப் பார்த்ததும் முதலில் போனைத்தான் புடவைக்குள் மறைத்தார். விடுதி வேலையாட்கள் போனை வாசல் காவலிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்பது சட்டம். “வார்டன்கிட்ட சொல்லிடாத பாப்பா. வேலை போயிடும்.” அந்தத் தொண்டையிலிருந்து காற்றுதான் அதிகம் வந்தது.

அவர் மகள் ஜெனி குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். அம்மா வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் போனவள். கிளம்பின அன்று கோபத்தில் லூர்து அக்கா முகம் கொடுத்துப் பேசவில்லை. போன இடத்தில் அவளுடைய போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். எஜமானியம்மா மனசு வைக்கிற ஒரு மதியத்தில், அந்த வீட்டுப் போனிலிருந்து கொஞ்ச நேரம் பேசலாம். என்றைக்கு என்று தெரியாது. நம்பரும் விழாது, திருப்பிக் கூப்பிட வழியில்லை. இங்கே முன்பு சிக்னல் சுத்தமாக இல்லாததால், யாரோ சொல்லி லூர்து அக்கா பூஸ்டர் வாங்கி வந்து, மதியம் தோறும் போட்டு வைத்துக் காத்திருந்தார்.

“இது வந்தப்புறம்தான் பாப்பா அவ குரல் பளிச்சுன்னு கேக்குது. ஆனா அவ காதுதான் என்னமோ ஆயிப்போச்சு. நான் எவ்வளவு கத்துனாலும் விளங்க மாட்டேங்குது.”

நான் தரையில் உட்கார்ந்தேன். அந்த நிமிஷம் எனக்குத் தெரிந்த எல்லாமும் பாரமாக இருந்தது. ஆனாலும் சொன்னேன்.

“அக்கா, இந்தப் பெட்டி தூரத்துல இருக்கிற டவரைப் பக்கத்துல இருக்கிற மாதிரி காட்டுது. உங்க போன் அதை நம்பிடுது. பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட எதுக்குக் கத்தணும்னு அது மெதுவா, ரகசியம் மாதிரி பேசுது. அந்த ரகசியத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க இந்தப் பெட்டிக்குத் திராணி இல்லை. இங்கேயே நின்னுடுது.”

“அப்போ நான் கத்துனது?”

“போகலைக்கா.”

“ஒரு தடவைகூடவா?”

இல்லை என்று தலையசைத்தேன். அவர் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப அவளுக்கு நான் இன்னும் பேசாமத்தான் இருக்கேன்” என்றார்.

ஒயரைப் பிடுங்கினேன். பச்சை விளக்கு அணைந்தது. என் போனில் கம்பிகள் ஒரேயடியாகச் சரிந்தன. புது விடுதியின் மேல்மாடி அந்த மதியமே சரியாகிவிட்டது. நிவேதா தன் அம்மாவோடு பேசி முடித்துவிட்டு எனக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். பழைய விடுதிக்குள் இப்போது போவதும் இல்லை, வருவதும் இல்லை. மகள் குரலாவது கேட்டுக்கொண்டிருந்த ஒருத்தியிடமிருந்து அதையும் நான் பறித்திருந்தேன். அடுத்த அழைப்பு எந்த மதியம் வருமோ தெரியாது. மாதம் முடிய அதிக நாள் இல்லை.

ரியாஸ் சார் அறிக்கையை முடித்துக் கிளம்பும் அவசரத்தில் இருந்தார். “பூஸ்டர் எடுத்தாச்சு, கேஸ் முடிஞ்சுது. யார் வெச்சதுன்னு எழுது.”

“எழுத மாட்டேன் சார்.”

“என் கழுத்துக்கு வரும்மா.”

“அந்தம்மா தொண்டை கிழிஞ்சதைக் கேட்டீங்கல்ல, போன்ல? அதுக்கு மேலயா சார் உங்களுக்கு வந்துடப் போகுது?”

அவர் மூன்று போன்களையும் எடுத்து மேஜையில் வரிசையாக வைத்தார். மறுபடி பையில் போட்டுக்கொண்டார். யோசிக்கும்போது அப்படித்தான் செய்வார். “பூட்டிய கட்டடத்தில் கிடந்ததுன்னு எழுது. அது உண்மைதானே? சரி, இப்ப உனக்கு என்ன வேணும்?”

“பழைய ஹாஸ்டலுக்குள்ள ஒரு ஆன்டெனா.”

வார்டனிடம் போனோம். “ஆளில்லாத கட்டடத்துக்கா?” என்று மறுபடி கேட்டார்.

“பினாயில் தானா நடந்து வெளியே வருதா மேடம்? தினமும் ஆள் போய் வர்ற இடம். அந்த விரிசல் சுவர் விழுந்தா உள்ளே இருக்கிறவங்க யாரை எப்படிக் கூப்பிடுவாங்க?”

வார்டன் என்னை உற்றுப் பார்த்தார். லூர்து அக்காவைப் பற்றி அவருக்குத் தெரியுமா, தெரியாதா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. “வாசல் சட்டம் சட்டம்தான். ஆனா அந்த ரூமுக்குள்ள போய் நான் பார்க்கிறதில்லை” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

புது விடுதியின் தரைத்தளத்திலிருந்து கேபிள் இழுத்துக் கடைசி அறையின் உத்தரத்தில் ஒரு வெள்ளைக் கிண்ணத்தை மாட்டினோம். சோதனை அழைப்புக்கு ரியாஸ் சாரே உள்ளே வந்தார். வரமாட்டேன் என்று சொல்ல வெட்கம். போர்த்தி நின்ற கட்டில்களைப் பார்த்ததும் பிரியாணியை இரண்டு மடங்கு சத்தத்தில் ஆரம்பித்தார். “சீரக சம்பா! இஞ்சி! பூண்டு!” காலிக் கட்டடம் அவர் சொன்னதையெல்லாம் ஒருமுறை திருப்பிச் சொன்னது. வெளியில் நின்று போனில் கேட்டுக்கொண்டிருந்த நான், “போச்சு சார், வந்துச்சு சார்” என்றேன். வெங்காயம் வதக்கும் முன்பே வெளியே ஓடி வந்துவிட்டார்.

மாதக் கடைசிக்குச் சற்று முன்னால் அழைப்பு வந்தது. அந்த வாரம் முழுக்க மதியத்தில் ஏதாவது காரணம் சொல்லிக்கொண்டு நான் அங்கே போய்க்கொண்டிருந்தேன். மணி அடித்ததும் லூர்து அக்கா ஒலிபெருக்கியைப் போட்டார்.

“அம்மா?”

“ஜெனி.”

அந்தப் பக்கம் தயங்கித் தயங்கிக் கேட்டது: “யாருங்க பேசுறது?”

“நான்தாண்டி.”

“எங்கம்மா போனை எதுக்கு எடுத்தீங்க? அம்மாவுக்கு என்ன ஆச்சு?”

“அம்மாதாண்டி பேசுறேன்.”

“எங்கம்மா குரல் இப்படி இருக்காது.”

இத்தனை நாள் கத்திக் கத்தி அந்தக் குரல் வேறொருத்தியுடையதாகியிருந்தது. போய்ச் சேர வேண்டிய இடத்துக்குக் கடைசியில் போய்ச் சேர்ந்தது. சேர்ந்த இடத்தில் அதை அடையாளம் தெரியவில்லை. லூர்து அக்கா என்னைப் பார்த்தார்.

பிறகு அவராகவே சொன்னார்: “கருவாட்டுக் கொழம்புல சக்கரையைப் போட்டுட்டு, ‘புது டேஸ்ட்டும்மா’ன்னு மொத்தச் சட்டியையும் என் தலையில கட்டுனவதானடி நீ? அதைத் தின்னவ பேசுறேன்.”

அந்தப் பக்கத்திலிருந்து சிரிப்பு போல ஆரம்பித்து அழுகையாக ஒரு சத்தம் வந்தது. “அம்மா. வரட்டுமாம்மா?”

“வாடி. முதல்ல வந்து சேரு.”

“வந்துடறேன். மேடம்கிட்ட இப்பவே சொல்லிடறேன்மா. இரு, அவங்க…” தொடர்பு அறுந்தது.

திரையைப் பார்த்தேன். எங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருந்தது. அந்தப் பக்கத்தில்தான் துண்டித்திருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு அழைப்பு வரவில்லை. மாதம் முடிந்தது. அடுத்ததும் முடிந்தது. ஜெனி வரவும் இல்லை. நான் மதியம் தோறும் போய் அந்த ஆன்டெனாவைச் சோதித்தேன். கேபிளை மாற்றினேன். போச்சு, வந்துச்சு. என் வாழ்க்கையில் நான் செய்த மிகச் சுத்தமான வேலை அந்த அறைதான். பெட்டி இருந்தவரை, அங்கே நிலவிய அமைதிக்கு ஒரு பழுது காரணமாக இருந்தது. நான் அந்தப் பழுதைக் கழற்றிவிட்டேன். இப்போது அமைதி மட்டும் இருந்தது.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். மாதா கோயில் திருவிழாவுக்காக லூர்து அக்கா ஒரு வாரம் விடுப்பில் போனார். சாவியை வார்டன் மேஜையில் வைத்துவிட்டுத்தான் போனார். அந்த வாரத்திலும் மேல்மாடிப் பெண்கள் அந்தக் குரலைக் கேட்டதாகச் சொன்னார்கள். நிவேதா பொய் சொல்கிற பெண் இல்லை. நான் போய்ப் பார்த்தேன். பின்கதவு பூட்டியிருந்தது. சோதனைப் போனின் பதிவில் புதிதாக எந்த சிக்னலும் இல்லை. இயர்போன் மாட்டாமல் ஜன்னல் பலகைக்கு அருகே நின்றேன். நான் நின்றவரை எதுவும் கேட்கவில்லை. இதற்கு என்னிடம் விளக்கம் கிடையாது.

லூர்து அக்காவைக் கூட்டிக்கொண்டு திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகத்துக்குப் போய் மனு கொடுத்தேன். தூதரகத்துக்கும் நானே எழுதினேன். விசாரித்து வருவதாகப் பதில் வந்தது. மறுபடி எழுதினேன். அதே பதில் மறுபடி வந்தது. ஜெனியை அனுப்பிய ஏஜென்டின் கடையில் இப்போது ஜூஸ் விற்கிறார்கள். அவன் கொடுத்த ஒப்பந்தத் தாளில் அவள் வேலை செய்கிற வீட்டின் முகவரி மட்டும் இருந்தது. குவைத்தில் கட்டடங்களுக்குள் சிக்னல் போடுகிற ஒரு கம்பெனி வெகு நாளாக ஆள் கேட்டுக்கொண்டிருந்தது. அதுவரை அந்தப் பேச்சை நான் காதிலேயே போட்டுக்கொண்டதில்லை. ஒரு மதியம், அந்த அறையில் உட்கார்ந்தே சம்மதம் சொல்லிவிட்டேன். அம்மா அழுதார். ரியாஸ் சார், “கோமதி, நீ சிக்னல் ஆளு, போலீஸ் இல்லைம்மா” என்றார். சொல்லிவிட்டு ஜெனியின் போட்டோவைத் தன் மூன்று போனிலும் வாங்கி, அங்கே இருக்கிற சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினார்.

இங்கே வந்து சேர்ந்து இது இரண்டாவது மாதம். வாரத்தில் வெள்ளிக்கிழமை எங்களுக்கு விடுமுறை. நேற்று பஸ் பிடித்து, அப்புறம் கேட்டுக் கேட்டு நடந்து ஒப்பந்தத் தாளில் இருந்த தெருவைக் கண்டுபிடித்தேன். மணல் நிறத்தில் இரண்டு மாடி வீடு. ஜன்னல்களில் திரை இழுத்திருந்தது. தெருவில் யாருமில்லை. திருச்சியில் அப்போது மதியம். லூர்து அக்காவை அழைத்து, எதுவும் பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கும்படி சொல்லி, அழைப்பைத் துண்டிக்காமல் போனைக் கையில் பிடித்துக்கொண்டு, கதவின் மணியை அழுத்தினேன்.